துரை பங்களாவில் நட்ட பந்தக்கால்

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. தை மாதம் என்பது மட்டும் நிச்சயம். மலேசியாவில் கோல சிலாங்கூரிலிருந்து ரவாங் போகும் பாதையில், உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அதிகம் படித்தவள் இல்லை நான். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். மற்ற எழுத்தெல்லாம் பிற்பாடு நானாகக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டது. அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். அவசரம் உள்ளவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை படித்துவிட்டு, தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு என் தம்பி வீடு. தோட்டத்து லோரியை அவன்தான் ஓட்டினான். எனக்கு என்று இருந்த ஆம்பிளைத் துணை அவன் ஒருவன்தான்.

மகளுக்கு ரவாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு பேக்டரியில் மெஷின் பார்க்கிறவர். அமைதியான பையன். அந்த வீட்டில் பேச்சு முழுக்க அவருடைய அம்மாவுடையதுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தம்மா லயத்து வாசல் கால்வாயைத் தாண்டும்போது சேலையை முட்டிக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். கொடுத்த கோப்பியைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொன்னார். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கல்யாணம் எங்க வைக்கப் போறீங்க சம்பந்தி? இங்கயா?"

அந்த 'இங்கயா' என்னை ஒரு அடி அடித்தது. யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "இல்லிங்க. துரை பங்களாவுல."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தம்மாவின் முகம் மாறியது. போகும்போது கால்வாயைப் பற்றிய நினைப்பே இல்லாமல் தாண்டிப் போனார்.

அந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மேட்டின் மேல் இருந்தது. வெள்ளைச் சுவர், வளைவு வளைவாக வாசல்கள், சிவப்பு ஓடு, முன்னால் அகலமான சிமிந்திப் படிகள். மற்ற தோட்டத்துப் பங்களாக்கள் மாதிரி மரக்கால் மேல் நிற்காது. ஆதியில் இருந்த ஒரு துரையின் துரைசாணி, அவர்கள் நாட்டுக்குத் தெற்கே ஏதோ கடலோர தேசத்தில் இப்படி வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி கட்டச் சொன்னாராம். கீழே ஒரு பெரிய புல்தரை. அதன் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரம். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த உள்ளூர் மேனேஜர் கிள்ளானில் குடியிருந்தார். வாரத்தில் சில நாள் காரில் வந்து போவார். பங்களா பூட்டியே கிடந்தது.

நான் வயசுப் பெண்ணாக இருந்த காலத்தில் அந்தப் புல்தரையில்தான் எனக்கு வேலை. பால்மரத்துக்கு மாறும் வரைக்கும் அங்கே களை பிடுங்கியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டே நகர்ந்து நகர்ந்து, புல்லோடு புல்லாக முளைத்திருக்கும் கோரையை வேரோடு எடுக்க வேண்டும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் மண் இளகும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். ஆனால் அந்தப் படிகளில் நான் ஏறியதில்லை. நாங்கள் பின்பக்கமாகத்தான் போவோம், பின்பக்கமாகத்தான் வருவோம். என் மகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அந்த முன்படியில் இறங்கி, நான் வளர்த்த புல்லின் மேல் நடந்து மணவறைக்கு வரவேண்டும். அப்படி ஒரு ஆசை எனக்குள்ளே எத்தனை வருஷமாக இருந்ததோ, அந்தம்மா கேட்டவுடன் வெளியே வந்துவிட்டது.

தம்பிக்குச் சிரிப்பு. "அக்காவுக்கு இந்த வயசுல துரைசாணி ஆவணுமாம்" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மகள் சிரிக்கவில்லை. கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம், பங்களாவில் நமக்கு என்ன வேலை என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். கோயில் தகரக் கொட்டகை, மழை பெய்தால் தரையில் தண்ணீர் ஓடும், ரவாங் ஆட்களை அங்கே உட்கார வைக்க முடியாது என்று நான் சொன்னேன். 

இனி அனுமதி கேட்க வேண்டும். பங்களாச் சாவி, ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி ஐயாவிடம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மெதுவான பேச்சு. யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் 'ஆமா' என்போம், 'சரி' என்போம். அவர் 'ஓம்' என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் "ஓம், போயிட்டு வா." கூரை ஒழுகுகிறது என்றால் "ஓம், ஆள் அனுப்புறன்." ஆள் வந்துவிடும். அதனால் தோட்டத்தில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், கிராணி ஐயா ஓம் என்று சொன்னால் காரியம் ஆயிற்று என்று.

வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது ஐயா என்றேன். ஓம் என்றார். பங்களாப் புல்தரையில் வைக்கலாம் என்று இருக்கிறோம் என்றேன். ஓம் என்றார். பந்தல் நாங்களே போட்டு, நாங்களே பிரித்து, ஒரு குப்பை இல்லாமல் கூட்டிக் கொடுத்துவிடுவோம் என்றேன். அதற்கும் ஓம். வருகிற வெள்ளிக்கிழமை பந்தக்கால் நட்டுவிடுகிறோம் ஐயா என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஓம், ஓம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்தார். நான் ஆபீஸ் படியிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பந்தக்காலை வீட்டு வாசலில் நட்டுவிட்டு, பந்தலை மட்டும் பங்களாவில் போடலாமே என்று தம்பி சொன்னான். வழக்கமும் அதுதான். பெண் வீட்டு வாசலில்தான் நடுவார்கள். நான் கேட்கவில்லை. காலை இங்கே நட்டால் அது லயத்துக் கல்யாணம். பங்களா வெறும் இரவல் இடம் ஆகிவிடும். கால் எங்கே நிற்கிறதோ அதுதான் கல்யாண வீடு. என் மகள் கல்யாண வீடு அதுவாக இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை நட்டோம். தாய்மாமன் என்ற முறையில் தம்பிதான் குழி தோண்டினான். எந்த இடத்தில் தோண்டவேண்டும் என்று காட்டியவள் நான். நான் தாலி இழந்தவள் என்பதால் கம்பைத் தொடவில்லை. சுமங்கலிகள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டார்கள். குழியில் பால் ஊற்றி நவதானியம் போட்டார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் முதற்கொண்டு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக நின்ற இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த மரத்தடியைத்தான் சொல்வேன். பங்களா பெயர் போட்டுப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தாகிவிட்டது. ரவாங்கில் அந்தம்மா அதை வீடு வீடாகக் காட்டியிருக்கிறார்.

அதற்கடுத்த வாரம் நான் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, லோரி வராத நேரத்தில் லோரிச் சத்தம் கேட்டது. தம்பி இறங்கி நடந்து வந்தான். வாயில் எப்போதும் ஏதாவது கேலி வைத்திருக்கிறவன், அன்றைக்குப் பக்கத்தில் வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, கால எடுத்துட்டாங்க."

பிடுங்கிவிட்டார்கள் என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை.

நடந்தது இதுதான். மேனேஜர் கம்பெனிப் பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு பங்களாவைக் காட்ட வந்திருக்கிறார். புல்தரை நடுவில் மஞ்சள் துணி கட்டிய கம்பு நிற்கிறது. அது அவருக்கு யூனியன் கொடிக்கம்பம் மாதிரி தெரிந்திருக்கிறது. மண்டோரைக் கூப்பிட்டு உடனே பிடுங்கச் சொல்லிவிட்டார். மண்டோர் எவ்வளவோ மலாயில் சொல்லிப் பார்த்தாராம், இது கல்யாணத்துக்கு நட்டது துவான், சாமி காரியம் என்று. பெரிய ஆட்கள் முன்னால் மேனேஜருக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. எங்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்ட அதே மனுஷன், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே பிடுங்கியிருக்கிறார்.

நான் பங்களாவுக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போனேன். பால்வாளியும் உளியும் அப்படியே கையில் இருந்தன. கிராணி ஐயா வாசலுக்கே வந்துவிட்டார். அவர் முகமும் நன்றாக இல்லை. அப்போதுதான் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் போலிருக்கிறது.

"ஐயா, ஓம்னு சொன்னீங்களே" என்றேன்.

"நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தனான். அதுக்குத்தான் ஓம் எண்டது" என்றார். "பங்களாவைத் தாறன் எண்டு நான் எங்க சொன்னனான்? அது என்ர வீடே?"

"கால் நடுறோம்னு சொன்னேன். அதுக்கும் ஓம்னீங்க."

"ஓம் எண்டா, நீ கதைக்கிறது எனக்குக் கேக்குது எண்டு அர்த்தம், பிள்ளை. அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பேசினால் கேட்கிறவர் 'ம்' கொட்டுவார். அவர்கள் பக்கத்தில் 'ஓம்' கொட்டுவார்களாம். எத்தனை வருஷம் அவரிடம் வேலை செய்திருக்கிறோம், இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு எழுத்துத்தான் கூட. கோயிலில் வை, நாற்காலியெல்லாம் நான் தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். கிடைக்கவில்லை.

நட்ட காலைப் பிடுங்கினால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேதி எனக்கு முன்னால் ரவாங் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாம் நாளே அந்தம்மா டாக்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தடவை வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவுகளிலெல்லாம் தலைகள் நின்றன.

"ரவாங் முழுக்கச் சொல்லிட்டேன் சம்பந்தி, துரை பங்களாவுல கல்யாணம்னு" என்றார். குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. "இப்ப எல்லாரும் என்ன கேக்கறாங்க தெரியுமா? கால் புடுங்குன கல்யாணமான்னு கேக்கறாங்க."

தம்பி குறுக்கே பேசினான். வேறு நாள் பார்த்து, கோயிலில் புதுக்கால் நட்டு நடத்திவிடலாம் என்றான். அந்தம்மா முடியாது என்றார். மகனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, அதனால் கல்யாணம் நடக்கும். ஆனால் இங்கே நடக்காது. மாசியில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, ரவாங் கோயிலில் அவர்களே கால் நட்டு, அவர்களே எல்லாம் செய்துகொள்வார்கள். பெண்ணையும் தாய்மாமனையும் அனுப்பிவைத்தால் போதும். லயத்து ஆட்களும் வரலாம்.

"அக்கா?" என்றான் தம்பி.

அந்தம்மா என்னைப் பார்க்காமல் அவனிடமே சொன்னார். "எடம் காட்டுனது அவங்கதானே. அந்தக் கை மணவறைகிட்ட வரவேணாம்லா, தம்பி. தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் ஒரே மகன்."

தம்பி அன்றைக்குப் பேசிய பேச்சை எழுத முடியாது. பெத்தவள் இல்லாமல் என்ன கல்யாணம் என்று ஆரம்பித்து என்னென்னவோ பேசினான்.  யாரிடமும் ஒரு சொல் கேட்டு வாங்கிக்கொள்ளாதவள் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். அன்றைக்கு வாங்கிக்கொண்டேன். கடைசியில் தம்பி வீட்டுக்குள்ளே பார்த்து, பொண்ணு நீயே சொல்லு, இந்தக் கல்யாணம் வேணுமா உனக்கு என்று கேட்டான்.

மகள் சமையல்கட்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கல்யாணத்தை அப்படியே அந்தக் கால்வாயில் தள்ளிவிட்டிருப்பேன். அவள் தம்பியிடம் பதில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

"நீ வீட்டுல இரும்மா. வந்தா உன்னையத்தான் எல்லாரும் பேசுவாங்க."

இதை எனக்காகச் சொன்னாளா, அவளுக்காகச் சொன்னாளா? அன்றிலிருந்து இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் அவள் பதில் சொல்வாள். அதனால்தான் கேட்டதில்லை.

மாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் விடியற்காலையிலேயே லயத்து வாசலில் வந்து நின்றது. மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டது நான்தான். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தலையில் கை வைக்கப் போனேன், அந்தக் கை என்று அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வைக்காமல் விட்டுவிட்டேன். பஸ் கிளம்பியது. நடக்க முடியாத ஒரு கிழவரையும் என்னையும் தவிர லயத்தில் ஆள் இல்லை. அவ்வளவு நீளத்துக்கு அடைத்த கதவுகளை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டைக் கழுவினேன். கழுவின வீட்டை மறுபடி கழுவினேன். வானொலியில் நேரம் சொன்னபோது, முகூர்த்த நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பச்சரிசியில் மஞ்சள் கலந்து ஒரு தட்டில் வைத்திருந்தேன். வாசலுக்கு வந்து, ரவாங் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரும்பி நின்று, பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரில் உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்துக்கொண்டு அட்சதை போட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன. நான் தட்டோடு நின்றுகொண்டிருக்கும்போதே, ஒரு அரிசி மிச்சமில்லாமல் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விட்டன. விரட்டத் தோன்றவில்லை எனக்கு.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் திரும்பி வந்தது. தம்பி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். கல்யாணச் சாப்பாடு. வாழை இலையில் சோறு, பருப்பு, கத்திரிக்காய், பாயசம் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில். எல்லாம் நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். நின்று பேசினால் அழுதுவிடுவான் என்று எனக்குத் தெரியும். கழுவின தரையில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் மகள் கல்யாணச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்துவிட்டு இப்போது எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருக்கிறார்கள். பங்களாவை இடித்துவிட்டார்கள். அங்கே கல்யாணம் வைக்க நான் ஆசைப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் புல் என் கையால் வளர்ந்தது. அந்தம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார். பழையதை இருவரும் பேசவில்லை.

மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் போனால் மீன் வாங்கிச் சமைப்பாள், படுக்கையைத் தட்டிப் போடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. விருந்தாளிக்கு எப்படிச் செய்யவேண்டுமோ அப்படிச் செய்வாள். பேரப்பிள்ளைகள் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். ஆகவே நான் இங்கே எழுதுவது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த வீட்டில் கல்யாண ஆல்பம் ஒன்று இருக்கிறது. பெரிய பேத்தி அதை எடுத்துப் புரட்டும்போதெல்லாம், உன் தம்பி இருக்கிறார், லயத்து ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நீ எங்கே பாட்டி என்று கேட்பாள். மகள் கையில் இருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், எனக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தக் கல்யாணத்தில் என் மகளுக்காக நான் செய்ய முடிந்தது கடைசியில் இந்த ஒரு பொய்தான், இதையாவது என் மூச்சு இருக்கும் வரைக்கும் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும்.